ஒத்துப்போகாத தெரு

என் வேலையை யாருக்காவது விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே அவர்கள் கண் வேறு பக்கம் போய்விடும். அதனால் இப்போதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: நான் சுவரில் பந்தடிக்கிறவள். பந்து என்பது ரேடியோ அலை. சுவர் என்பது இந்த நகரத்தின் சுவர். கம்ப்யூட்டருக்குள் முழு நகரத்தையும் கட்டடம் கட்டடமாகக் கட்டி வைத்திருக்கிறோம். ஓரிடத்திலிருந்து லட்சக்கணக்கில் கதிர்களை விட்டு, ஒவ்வொன்றும் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, எந்த முனையில் வளைகிறது, எங்கே போய் அடங்குகிறது என்று பின்னாலேயே போவோம். வழவழப்பான சுவர் என்றால் பந்து ஒரே பக்கமாகத் திரும்பும். கரடுமுரடான சுவர் என்றால் ஒரு கைப்பிடி பயறை வீசியடித்த மாதிரி நாலா பக்கமும் தெறிக்கும். எந்தச் சுவர் எவ்வளவு தெறிக்கவிடும் என்பதற்கு ஓர் எண் உண்டு. சிதறல் எண் என்போம். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் கிடக்கிற அந்தப் பாழாய்ப்போன எண்தான் என் உயிரை வாங்கியது.

வீட்டோடு இருக்கும் நோயாளிகளுக்கு மாநகர அலுவலகம் ஒரு பொத்தான் கொடுக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவசரம் என்றால் அமுக்கினால் போதும். விளக்குக் கம்பங்களில் பொருத்தியிருக்கும் ரிசீவர்கள் அதைக் கேட்டு ஆம்புலன்ஸை வரவழைக்கும். எந்தெந்தக் கம்பத்தில் ரிசீவர் வைப்பது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஒப்பந்தம் எங்கள் அலுவலகத்துக்கு. நகரம் முழுக்க என் மாடல் சொன்னதும், எங்கள் ஆள் வண்டியில் போய் அளந்து வந்ததும் ஒத்துப்போயின. கூடப்பிறந்தவர்கள்கூட அவ்வளவு ஒத்துப்போக மாட்டார்கள். ஒரே ஒரு குறுக்குத் தெருதான் முரண்டு பிடித்தது. அங்கிருந்து பொத்தானை அமுக்கினால் மெயின் ரோட்டுக் கம்பத்துக்கு ஒன்றும் கேட்காது என்றது என் மாடல். நன்றாகவே கேட்கிறது என்றது அளவு. கொஞ்சம் நஞ்சம் வித்தியாசம் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். நான் சொன்னதைவிட நூறு மடங்கு சிக்னல் அங்கே வந்துகொண்டிருந்தது.

அந்தத் தெருவில்தான் என் அக்கா குடியிருக்கிறாள். மூன்றாவது மாடி.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு நாள் லிஃப்ட் குழியில் விழுந்து தலையில் அடிபட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் வலிப்பு கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. வருவதற்கு முன்னால் நாக்கில் இரும்பு ருசி தட்டுமாம். உடனே பேச்சு நின்றுவிடும். கை நிற்பதற்குள் ஒரே ஒரு முறை எதையாவது அமுக்கலாம், அவ்வளவுதான் அவகாசம். பிறகு மல்லாந்து விழுந்தால் யாராவது பக்கத்தில் இருந்து ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஒரு தடவை நான் பக்கத்தில் இருந்தேன். அந்த முகத்தை மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

அக்கா பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவதை வைத்துப் பீங்கான் பற்களைச் செதுக்கி, அவரவர் பல்லின் நிறத்துக்கே தீற்றிக் கொடுப்பாள். எதிரில் யார் வந்து நின்றாலும் அவள் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். அத்தான் விழுந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. அவள் வேலை பார்த்த பல் கூடத்து முதலாளியம்மா அவளுடைய இடத்தை இதுவரை காலியாகவே வைத்திருந்தார். இனிமேல் முடியாது என்று இப்போது சொல்லிவிட்டார். அத்தானின் பொத்தானை நம்பலாம் என்று யாராவது சொன்னால் அக்கா திங்கட்கிழமை வேலையில் சேரலாம். அந்த யாராவது நான்தான்.

"போலாமா வேண்டாமா, ஒத்த வார்த்தையில சொல்லு" என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"கொஞ்சம் பொறு. இன்னும் ஒத்துப்போகல."

"என்ன ஒத்துப்போகல? இங்க பாரு." அத்தானின் கழுத்தில் கிடக்கும் பொத்தானைத் தூக்கிச் சோதனை முறையில் அமுக்கிக் காட்டுவாள். கம்பத்துக்குக் கேட்டுவிட்டால் பச்சை விளக்கு எரியும், கேட்காவிட்டால் சிவப்பு. பச்சைதான் எரியும். சமையலறையில் பச்சை, குளியலறையில் பச்சை, கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் வைத்து அமுக்கினாலும் பச்சை. "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குடி? எரியறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. ஏன் எரியுதுன்னுதான் தெரியல."

"எரியுதுல்ல, அப்புறம் ஏன் எரிஞ்சா உனக்கென்ன?"

அத்தான் நடுவில் புகுவார். "விடும்மா. சிக்னல் மகாராணிக்குத் தெரியாம ஒரு விளக்கு எரிஞ்சா அது ராஜத் துரோகம்."

சிரிப்பு வரும், கூடவே ஆத்திரமும் வரும். ஊருக்கெல்லாம் கம்பம் நட்டுக் கொடுக்கிறவள் உடன்பிறந்தவளுக்கு ஓர் ஆமாம் சொல்ல முடியாமல் முழித்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்திலோ வேறு விதமான வதை. எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் டெசிபல். அவர் தன் அறையில் போன் பேசினால் எங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் இருப்பவருக்குப் போனே தேவைப்படாது. ஒரு நாள் என் மேஜைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னும் இந்தத் தெருவா?"

"மேப்ல ஏதோ தப்பு இருக்கு சார்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." நாலு மேஜை தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "அளந்தது பொய் சொல்லுமா? உங்க மாடல்தான் பொய் சொல்லுது. அந்த எதிர்ச் சுவரோட சிதறல் எண்ணை ஏத்துங்க. ஒத்துப்போயிடும். ரிப்போர்ட் போகட்டும்."

எதிர்ச் சுவர் என்றால், குறுக்குத் தெரு போய் மெயின் ரோட்டில் முட்டும் இடத்துக்கு நேர் எதிரே நிற்கும் பெரிய கட்டடத்தின் முகப்பு. அக்கா வீட்டிலிருந்து கிளம்பும் அலை தெருவழியே போய் அந்தச் சுவரில் நேராக மோதும். வழவழப்பான ஓடு பதித்த சுவர். ஆகவே பந்து வந்த வழியே திரும்பித் தெருவுக்குள்தான் வரும். ரிசீவர் உள்ள கம்பமோ மெயின் ரோட்டில் பக்கவாட்டில் தள்ளி நிற்கிறது. சுவர் பயறாகத் தெறிக்கவிட்டால்தான் நாலு பயறு அங்கே போய் விழும். அந்தச் சுவர் அவ்வளவு தெறிக்க வேண்டும் என்றால் சிதறல் எண்ணை எங்கேயோ கொண்டுபோய் வைக்க வேண்டும்.

"அந்த எண்ணுக்கு அது ஓடு பதிச்ச சுவரா இருக்க முடியாது சார். முள்ளம்பன்றியா இருக்கணும்."

"இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன நஷ்டம்? அது உங்க அக்கா வீடு, அதனால பயப்படறீங்க. வேற தெருவா இருந்தா எப்பவோ முடிச்சிருப்பீங்க."

இது உண்மையா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். பாதி உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறவர், மறைக்க மாட்டேன் என்கிறவளுக்குப் பயம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வரைபடத்தில் ஏதாவது சுவர் உள்ளே வெளியாகத் திரும்பிக் கிடக்கிறதா என்று பார்த்தேன். அப்படிக் கிடந்தால் கதிர் சுவரைச் சுவர் என்றே மதிக்காமல் ஊடுருவிப் போகும். எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. எல்லாச் சுவரும் ஒழுங்காக இருந்தன. கட்டடங்களின் உயரத்தைச் சரிபார்த்தேன். சன்னல் கண்ணாடி, கம்பத்தின் இடம், ரிசீவர் பார்க்கும் திசை, தெருவோர மரம் ஒன்றுவிடாமல் மாற்றி மாற்றிக் கதிர்விட்டேன். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் காற்றாடி சுழல உறுமிவிட்டு, அக்கா வீட்டின் மேல் அதே கறுப்பைப் பூசிக் காட்டியது. கறுப்பு என்றால் சிக்னல் இல்லை. என் அக்கா வீட்டைக் கறுப்பாகப் பார்த்துப் பார்த்து, நேரில் போகும்போதுகூட அந்த வாசல் எனக்கு இருட்டாகத் தெரிந்தது.

கடைசியில் சுவரையே போய்த் தொட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அங்கே பெயர்ந்த ஓடுகளை மாற்றும் வேலை ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தது. தெருவே தூசிக்காடு; அக்கா சன்னலைத் திறப்பதை விட்டிருந்தாள். பைப்புக்குப் பைப்பு குனிந்து, பையின் வாரை ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு, தலையில் ஒரு இடியும் வாங்கிக்கொண்டு சுவரை நெருங்கினேன். கையால் தடவினேன். ஓடுதான். கன்னத்தை வைத்துப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு வழவழப்பு. முள்ளுமில்லை, பன்றியுமில்லை. "இங்க என்னம்மா பண்றீங்க, மேலருந்து ஏதாவது விழும், போங்க" என்று யாரோ துரத்தினார்கள். மண்டை வீங்கியதுதான் மிச்சம் என்று திரும்பி வந்தேன்.

மறுநாள் ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தேன். டெசிபல் கேட்கிற எண் எவ்வளவு அபத்தமானது என்று அவருக்குப் படம் போட்டுக் காட்டினால் என்ன? சரி சார், உங்கள் எண்ணுக்கு இந்தச் சுவர் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா என்று, மாடலில் அந்தச் சுவருக்கு முன்னால் இரும்புக் குழாய்களை நட ஆரம்பித்தேன். செங்குத்தாகக் கொஞ்சம், குறுக்காகக் கொஞ்சம். கதிர்விட்டேன். கறுப்பு கொஞ்சம் வெளிறியது. அப்படியா சேதி என்று இன்னும் குழாய்களைப் போட்டேன். நெருக்கினேன். மூலைக்கு மூலை சாய்வாகவும் சில போட்டேன். சுவரைக் கோழிக்கூண்டு மாதிரி ஆக்கிவிட்டுக் கதிர்விட்டபோது, அக்கா வீடு பளிச்சென்று மஞ்சளாகியது. மஞ்சள் என்றால் அளந்த சிக்னலும் நான் சொல்லும் சிக்னலும் ஒன்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியில் போய் அளந்து வருகிற எங்கள் அளவைக்காரரைக் கூப்பிட்டேன். அவரும் என்னைப் போலப் படித்துவிட்டு வந்த பொறியாளர்தான். உட்கார்ந்து வேலை செய்யப் பிடிக்காமல் வண்டியேறியவர். "இங்க வந்து பாருங்க. டெசிபல் சொல்ற எண் வேணும்னா ஊர்ல இரும்புக்கடை வெச்சாதான் உண்டு."

அவர் டீயைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். "சாரத்த எதுக்கு மேடம் வரைஞ்சீங்க?"

"எது?"

"இந்தச் சாரம். அந்தக் கட்டடத்துல கட்டியிருக்காங்களே, அதானே இது? தற்காலிகமா இருக்கறத நாம மேப்ல சேக்க மாட்டோமே."

நேற்று என் மண்டையில் இடித்த குழாயை இன்று திரையில் நானே என் கையால் நட்டு வைத்திருக்கிறேன். கட்டடம் அடியிலிருந்து உச்சிவரை இரும்புச் சாரம் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அதற்குள் புகுந்து, குனிந்து, இடித்துக்கொண்டு, சுவரை மட்டும் தடவிவிட்டு வந்திருக்கிறேன். வரைபடத்தில் இல்லாதது என் கண்ணிலும் இல்லை.

"நீங்க அளக்கப் போனப்பவும் சாரம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. போன மூணு தடவையும் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அதுவும் இல்லாம, லாரி, சாரம், கூட்டம் இதெல்லாம் எழுதாதீங்கன்னு விதிமுறை போட்டதே நீங்கதான்."

நான்தான் போட்டேன். நின்று போகிற லாரியை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தால் கணக்கு குழம்பும் என்று நான்தான் சொன்னேன். இப்போது யாரைத் திட்டுவது? டீ தம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

சாரத்தின் கீழே மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். எப்போது பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. "இந்தத் தெருவுல இருக்கற எல்லாரும் டெய்லி இதையேதான் கேக்கறாங்க. வேலை முடிஞ்சிடுச்சும்மா. திங்கக்கிழமை காலையில ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள சுத்தமா எடுத்துருவோம். சந்தோஷமா?"

"எடுக்காம இருக்க முடியாதா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனையோ பேர் எடுக்கச் சொல்லிச் சண்டைக்கு வந்திருக்காங்க. எடுக்காதீங்கன்னு வந்த மொத ஆள் நீங்கதான்."

"இன்னும் கொஞ்ச நாளைக்கு."

"எதுக்கு?"

எதுக்கு என்று சொன்னேன். ரேடியோ அலை, எதிர்த் தெரு, மூன்றாவது மாடி, பொத்தான் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "குழாய் எனக்குச் சொந்தமில்லம்மா, வேற சைட்டுக்குப் போகணும்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். செவிடன் காதில் சங்கு ஊதியிருந்தால்கூட அவன் இரக்கப்பட்டிருக்க மாட்டான்.

நேரே டெசிபலின் அறைக்குப் போனேன். இந்த முறை எனக்குத் தெம்பு இருந்தது. காரணம் கையில் இருக்கிறதே. சாரம் இல்லாமல் ஒரு படம், சாரத்தோடு ஒரு படம், இரண்டையும் வைத்து விளக்கினேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரியாத ஆளாக இருந்தால் பரவாயில்லை. அவர் என்னைவிட நன்றாகக் கதிர்விடத் தெரிந்தவர்.

"நல்ல வேலை" என்றார், அவருக்கே பழக்கமில்லாத சன்னக் குரலில். "ரொம்ப நல்ல வேலை. கட்டுரையா எழுதுங்க."

"குறுக்குத் தெரு முனையில இருக்கற கம்பத்துல ஒரு ரிசீவர் கூடுதலாப் போடணும் சார். அது போட்டா சுவர் எப்படி இருந்தாலும் கவலையில்ல."

"நாளைக்கு ஒப்புதல் கூட்டம். இந்த ஒரு தெருவுல அளவு தப்புன்னு சொன்னா, மத்த தெருவுல எங்கெல்லாம் சாரம் இருந்துச்சுன்னு கேப்பாங்க. மொத்தத்தையும் மறுபடியும் அளக்கணும். பொத்தான் திட்டமே நின்னுரும். ஊர்ல மத்தவங்களுக்கு வேண்டாமா?"

"மத்த தெருவெல்லாம் சாரமில்லாமலே ஒத்துப்போகுது."

"அத நீங்க சொல்றீங்க. அவங்க நம்பணுமே." பெருமூச்சு விட்டார். "சாரத்த எடுக்கட்டும். அப்புறம் போய் அளங்க. சிக்னல் இல்லன்னா அடுத்த கட்டத்துல அந்த ரிசீவரைச் சேத்துருவோம். நான் பாத்துக்கறேன்."

"அடுத்த கட்டம் அடுத்த வருஷம் சார்."

"ஆமா" என்றார். அந்த ஆமாவில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அக்கா வீட்டிலேயே சிறியதாக ஒரு பெட்டி வைத்துச் சிக்னலைப் பெருக்கிவிடலாமா என்றும் கேட்டேன். அதற்கு அனுமதி கிடையாது என்று எனக்கே தெரியும். ஒரு வீட்டில் வைத்தால் சுற்றியுள்ள பொத்தான்களின் குரலை அது அமுக்கிவிடும். அந்த விதியை எழுதும்போது நானும் கூட இருந்தேன். சரி என்று வெளியே வந்துவிட்டேன். தெருவெல்லாம் என் கண்ணுக்குச் சுவராகத் தெரிந்தது.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கடைக்குப் போயிருந்தாள். நான் வருகிறேன் என்று சொன்ன நம்பிக்கையில், அத்தானைக் கொஞ்ச நேரம் தனியே விட்டுவிட்டுச் சாமான் வாங்க ஓடியிருக்கிறாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் முதுகில் அக்காவின் வேலை மேலங்கி, தேய்த்து மடித்துக் கிடந்தது. பல் கூடத்துக்குப் போட்டுப்போகிற வெள்ளை அங்கி.

"என்ன மச்சினி, மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு? சிக்னல் இல்லையா?"

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லிஃப்ட் பார்த்தவர் அல்லவா, சுவரையும் குழாயையும் பற்றிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொண்டார். எழுந்து சன்னலருகே போய்ச் சாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"திங்கக்கிழமை எடுக்கறாங்களா?"

"ஆமா அத்தான்."

"இத அவகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத."

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"போன்னு சொல்லு. பொத்தான் நல்லாருக்கு, கணக்கு ஒத்துப்போச்சுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா."

"அத்தான், திங்கக்கிழமையிலருந்து நீங்க அமுக்கினா சிவப்புதான் எரியும்."

"நான் என்ன டெய்லியா விழறேன்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினார். "நீ வாரத்துக்கு ஒரு நாள் வர்ற. உனக்குத் தெரியாது. நான் இருமினா எந்திரிக்கறா. குளிக்கப் போனா கதவுக்கு வெளிய நிக்கறா. நான் பாட்டுக்கு டீவி பாக்கறேன், அவ என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கா. அந்தப் பார்வையே எனக்கு வலிப்பு வரவெச்சுரும் போல இருக்கு. அவ கையப் பாத்தியா? பல்லு செதுக்கற கை. அத மடியில வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல. என் உசிருக்கு நான் பொறுப்பு. நீ போன்னு சொல்லு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஓர் எண்ணை மாற்ற மாட்டேன் என்று அலுவலகத்தில் அத்தனை நாள் வீம்பு பிடித்தவளுக்கு இங்கே பிடிக்க வீம்பே இல்லை. ஆமாம் என்று சொன்னால் மூன்று பேருக்கும் சந்தோஷம். பொத்தானும் இன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுக்காது, பச்சையாகவே எரியும்.

அக்கா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். பையை வைத்தாள். முதலில் அத்தான் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"என்னடி, போலாமா வேண்டாமா?"

அத்தான் டீவியைப் பார்த்தார். டீவி அணைந்திருந்தது. எனக்கு அவர் மல்லாந்து விழுந்த அன்றைய முகம் கண் முன்னால் வந்தது. அந்த ஒரே ஓர் அமுக்கல், அது போய் அந்த வழவழப்பான சுவரில் மோதி, திரும்பித் தெருவுக்குள்ளேயே வருவது வந்தது.

"வேண்டாம்க்கா" என்றேன்.

அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா நின்றபடியே கேட்டாள். நான் சொன்னேன். இந்த முறை அவள் கண் வேறு பக்கம் போகவில்லை. முழுவதையும் கேட்டாள்.

"அப்ப இத்தனை நாளா பச்சை எரிஞ்சது அந்தக் குழாயாலயா?"

"ஆமா."

"குழாய எப்ப எடுக்கறாங்க?"

"திங்கக்கிழமை."

"நான் சேர வேண்டியதும் திங்கக்கிழமைதான்" என்றாள், ஏதோ பொது விஷயம் மாதிரி. "அடுத்த வருஷம் அந்த ரிசீவரைப் போடுவாங்களா?"

"போடுவாங்க. நான் விட மாட்டேன். அதுவரைக்கும் நான் வேணா லீவு போட்டுட்டு வந்து..."

"எத்தனை நாளைக்குடி வருவே?"

அவள் போனை எடுத்துக்கொண்டு சன்னலருகே போனாள். பல் கூடத்து முதலாளியம்மாவிடம் பேசினாள். எனக்காகவோ அத்தானுக்காகவோ குரலைத் தாழ்த்தவில்லை. "இல்லம்மா, வர முடியாது. இல்லம்மா, காத்திருக்க வேண்டாம். நீங்க வேற ஆளப் போட்டுக்குங்க. என் உளிய மட்டும் தனியா எடுத்து வைங்க, அப்புறம் வந்து வாங்கிக்கறேன்." அந்தம்மா என்னவோ சொன்னார். அக்கா இரண்டு முறை சரி என்றாள். வைத்துவிட்டாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை நாளா நீ பொறு பொறுன்னு சொன்னப்பல்லாம் உன்மேல அவ்வளவு கோவம் வரும். இவளுக்கு வேலை தெரியல, அதான் என்னை வீட்டுல உக்கார வெச்சிருக்கான்னு நெனைச்சுப்பேன். பாத்திரம் தேய்க்கும்போது உன்னைத் திட்டிட்டேதான் தேய்ப்பேன். அந்தக் கோவத்துலதான்டி ஒவ்வொரு நாளும் ஓடுச்சு." மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப நீ சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு. இனிமே நான் யார்மேல கோவப்படறது?"

கேள்வியாகத்தான் கேட்டாள். பதில் வரும் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.